பதிலுக்கு முன்பே விழுந்த மாலை

மச்சான்,

நேற்று ரிங்லெட் டவுனில் ஒரு சொற்பொழிவுக் கூட்டம். வாசலில் நின்ற பெண் மாலைத் தட்டை என் கையில் கொடுத்து, "அங்கிள், பேச்சாளருக்கு நீங்கதான் போடணும் லா" என்றாள். கியா பார்ம் தோட்டத்துச் செவ்வந்தி, தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் தட்டை அவளிடமே திணித்துவிட்டு, கொட்டுகிற மழையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நம் எஸ்டேட் மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் யாராவது படித்தவரைக் கூட்டிவந்து பேச வைப்போமே, நினைவிருக்கிறதா? நீ தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட்காரன். நான் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி, வேலை இன்னும் நிரந்தரமாகாதவன். மைக் செட் உன் பொறுப்பு, கடிதம் எழுதி ஆளை வரவழைப்பது என் பொறுப்பு. நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியவர், பாம்புக்கடியைப் பற்றிப் பேசிய டாக்டர், கல்யாணச் சடங்குகளுக்கு அர்த்தம் சொன்ன தமிழாசிரியர் என்று எத்தனை பேர் வந்தார்கள்! அந்தத் தமிழாசிரியர் இரண்டு மணி நேரம் தாண்டியும் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நெளிந்தார்கள். அப்போதுதான் நீ என் காதில் சொன்னாய்: "மாலையக் கொண்டுபோய்ப் போட்டுருடா. கழுத்துல பூ விழுந்துட்டா எந்த மனுசனும் அதுக்கு மேல பேச மாட்டான்."

அப்படியே நடந்தது. அவர் கும்பிட்டார், கூட்டம் கை தட்டியது, எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். அன்றிலிருந்து நம் மன்றத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் மழை நின்றபாடில்லை. கோலாலம்பூரிலிருந்து மண்ணைப் பற்றிப் படித்த ஒரு பேராசிரியரை அழைத்திருந்தோம். என்றும் இல்லாத வழக்கமாக எஸ்டேட்டை நடத்தும் துரையே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய கிராணி, காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டு. பேராசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. மலை சரிவதற்கு முன்னால் அடையாளம் காட்டும் என்றார். வீட்டுக் கதவு சட்டத்தில் இறுகும், தரையில் விரிசல் ஓடும், வாய்க்கால் தண்ணீர் கலங்கி வரும், பிறகு ஒருநாள் வராமலே நின்றுவிடும் என்றார். கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. கூரைத் தகரத்தில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நான் உன்னைப் பார்த்தேன். போன வாரம்தான் நீ உன் வீட்டுக் கதவைக் கழற்றி வைத்து இழைத்துக்கொண்டிருந்தாய். "மழையில உப்பிப் போச்சு மச்சான்" என்று சிரித்தாய். இப்போது உன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

மைக் செட்டை விட்டு எழுந்து நின்று நீ கேட்டாய்: "சார், எங்க கீழ் லயத்து வீடுங்களுக்குப் பின்னால லோரி ரோட்டுக்காக மேட்ட வெட்டியிருக்காங்க. என் வீட்டுக் கதவு மூட மாட்டேங்குது. குசினியில, அடுப்புக்கிட்ட தரையில வெடிப்பு. நாங்க அங்க இருக்கலாமா, கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பக்கமா வெட்டினாங்க?" என்றார். நீ கையால் காட்டினாய். பிறகு, "தம்பி, நான் உள்ளதைச் சொல்லிடறேன்" என்று தொடங்கினார்.

துரை பெரிய கிராணியின் பக்கம் திரும்பினார். பெரிய கிராணி என்னைப் பார்த்தார், பிறகு மாலைத் தட்டைப் பார்த்து முகவாயை லேசாகத் தூக்கினார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காகத் துரையின் மேசையில் கிடந்த வாரம் அது. கால்கள் தாமாக நடந்தன என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். நான்தான் நடந்தேன். நான்தான் போட்டேன்.

பேராசிரியர் ஒன்றும் புரியாமல் விழித்தார், பிறகு கும்பிட்டார். கூட்டம் வழக்கம்போல் கை தட்டியது. பழக்கதோஷத்தில் நீயும் இரண்டு தட்டுத் தட்டி, பாதியில் நிறுத்தினாய். நீ மேடைக்கு வருவதற்குள் அவரைத் துரையின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"மனுசன் பதிலோடு நின்னாருடா. இப்படி அமுக்கிட்டியே" என்றாய். கோபம்கூட இல்லை உனக்கு.

"விடு லா. நான் அவருக்கு எழுதிக் கேட்டுச் சொல்றேன்."

அவருடைய விலாசம் என் மேசையில் இருந்தது. இரண்டு முறை தாளை எடுத்தேன். எஸ்டேட்டில் வெட்டிய மேட்டைப் பற்றி வெளியாளுக்கு எழுதியது பெரிய கிராணிக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று எடுத்து வைத்துவிட்டேன். நீ ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "பதில் வந்துச்சா?" என்பாய். "இன்னும் இல்ல" என்பேன். ஒருநாள், "லயத்து வாய்க்கால்ல தண்ணி செவப்பா வருது மச்சான்" என்றாய். மறுநாள், தண்ணீரே வரவில்லை என்றாய். அன்றும் நான் "இன்னும் இல்ல" என்றுதான் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மேடு சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. லயத்துச் சனம் முழுக்கக் கொழுந்து பறிக்க மலையில் இருந்தது. ராத்திரி வேலை பார்த்துவிட்டு நீ மட்டும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். ஆபீசிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. லோரி கல் கொட்டுகிறது என்று நினைத்தேன்.

அந்த மாதமே என் கடிதம் கையெழுத்தாகி வந்தது. பத்து வருடமாக அதே மேசையில்தான் இருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது குரலே இல்லை. "அன்னிக்கு வேலைக்குப் போறப்ப, கோயில் மண்டபத்துல போய்ப் படுங்கன்னு சொன்னேண்ணே. கேக்கல. 'ஆபத்துன்னா என் மச்சான் ஓடி வந்து சொல்லியிருப்பான்'னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, பாவம், எனக்கே ஆறுதலும் சொன்னாள்.

"பதில் வரலன்னா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன், மச்சான்.