நம் லயத்தைப் பார்க்க வந்தவர்கள்

என் தங்கமான அக்காவுக்கு,

நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். போன வாரம் கொட்டகலைப் பக்கத்துப் பழைய கட்டடங்களை எல்லாம் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் திறந்து காட்டினார்கள். துரை பங்களா, தேயிலைத் தொழிற்சாலை, மாதா கோயில். கொழும்பு, கண்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நாம் வாசலோடு நின்ற பங்களாவின் கூடத்தில் உட்கார்ந்து நான் பிளேன்டீ குடித்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நம் ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்தையும் காட்டவேண்டும் என்று போய்க் கேட்டது யார் தெரியுமா? உன் மகள் தர்ஷினி. கைக்குழந்தையாக விட்டுப் போனாயே, அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பங்களாவை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் என்றாள். லயத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. நம்ம கஷ்டம் என்ன வேடிக்கையா என்று கேட்டுவிட்டுத்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே விறகு அடுக்கினார். நீ போனதிலிருந்து மாமாவின் பேச்சே குறைந்துவிட்டது.

அவர் இன்னும் அதே காம்பரா வீட்டில்தான் இருக்கிறார். மண் சரிந்து இடிந்த பின்சுவரைத் தோட்ட நிர்வாகத்தார் சிமெந்துக் கல் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு சிங்கள அம்மா, மற்றதெல்லாம் கருங்கல்லாக இருக்க இந்தச் சுவர் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். மண் சரிந்ததையும் அதில் தன் அம்மா இறந்ததையும் தர்ஷினி சிங்களத்தில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போது மாமா முன்னால் வந்தார்.

"நான் சொல்றேன். நீ அவங்களுக்கு எடுத்துச் சொல்லும்மா."

அவருக்கும் சிங்களம் வரும். ஆனால் இதைச் சொல்ல வரவில்லை போலிருக்கிறது. மழைக்கு வேலை நிறுத்தி அன்று சீக்கிரம் வந்ததைச் சொன்னார். பின்பக்கம் மண் இறங்கும் சத்தம் கேட்டதை, உள்ளே ஓடியதை, நீ அடுப்படியில் நின்றதைச் சொன்னார். தர்ஷினி ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவ பிள்ளையத் தூக்கி எங் கையில குடுத்தா."

தர்ஷினி சொல்வதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவள் ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் மற்றக் குழந்தைகளோடு இருந்தாள் என்றுதானே சொல்லி வளர்த்தோம்?

"எந்தப் பிள்ளப்பா?"

"நீதாம்மா. ஒன்னப் பிடிச்சிருந்தேன். அவளப் பிடிக்க எனக்குக் கையில்ல."

தர்ஷினி ஓடிவிடுவாள் என்று பயந்து நான் பக்கத்தில் போனேன். அவள் ஷாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். அந்தக் குழந்தை நான்தான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். மாமாதான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாமா ஏன் மறைத்தார் என்பது உனக்குப் புரியும். தன்னால்தான் அம்மா போனாள் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாதே. அன்று சாயங்காலம் தர்ஷினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இத்தன வருசமா இதத் தனியாவா சுமந்தீங்க?" என்றாள். உன் காரியத்தன்று கூட அழாத மனிதர் அக்கா. அன்று அழுதார்.

அடுத்த முறையும் லயத்தைக் காட்டலாமா என்று ஏற்பாடு செய்தவர்கள் கேட்டார்கள். மண் சரிந்த அந்த மேட்டடியில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, முதலில் அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கிடைக்கட்டும், பிறகு வந்து பாருங்கள் என்றாள் தர்ஷினி. யார் காதில் ஏறியதோ தெரியவில்லை. மழைக்காலம் வரப்போகிறது.

நேற்று அவள் என்னிடம், "அம்மா கொரல் எப்படி இருக்கும் சித்தி?" என்று கேட்டாள். ஒரு குரலை எப்படி அக்கா சொல்வது?

எப்படியாவது சொல்வேன். நீ கோபப்பட்டது, பாடியது, மாமாவோடு சண்டை போட்டது எல்லாவற்றையும் சொல்வேன். இனி உன்னைப் பற்றி உன் மகளிடம் எதையும் மறைக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி