கிளியர் அடித்தும் அழியாத வரிகள்

தேர்வுப் பிரிவின் பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளின் டோனர் வாசனை உங்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் செத்து நான்கு மாதம் ஆகிறது. என் கோபம் இம்மியும் குறையவில்லை.

செங்கல்பட்டில் நம் கல்லூரியில் எந்த பிரிண்டர் நின்றாலும் நீங்கள்தான் வரவேண்டும். சர்வர் முன் உட்கார்ந்து, தோளால் மறைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் ஏதோ தட்டுவீர்கள். பிரிண்டர் ஓடியதும் ‘கிளியர்’ என்று கட்டளை அடித்துத் திரையைத் துடைத்துவிடுவீர்கள். கூடவே வேலை பார்த்த எனக்கு ஒரு கட்டளையைக்கூடக் காட்டியதில்லை. கேட்டால், "உனுக்கு இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?" என்பீர்கள்.

ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளன்று நீங்கள் விடுப்பு. சதுரங்கப்பட்டினத்தில் மச்சினன் வீட்டு விசேஷம், போனை அணைத்துவிட்டீர்கள். பிரிண்டர் அசையவில்லை. சர்வரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. மாலைவரை வரிசையில் நின்ற பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். மறுநாள் வந்தீர்கள், ஒரே வரியில் ஓடவிட்டீர்கள். பிறகு முதல்வர் முன்னால் என்னிடம், "நோண்டாதன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?" என்றீர்கள். எனக்கு மெமோ வந்தது. பணி நிரந்தரம் அதோடு நின்றுபோனது.

இன்று காலை அதே பிரிண்டர் நின்றது. உங்கள் கடவுச்சொல் இப்போது என்னிடம். உள்ளே போய் மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கிளியர் திரையைத்தான் துடைக்கும், தட்டியதை அழிக்காது. அது உங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. முழுப் பட்டியலையும் எடுத்தேன், எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. ஒரே கட்டளையை ஐந்து விதமாகத் தப்பாக அடித்திருந்தீர்கள், அண்ணாத்த. ஹால் டிக்கெட்டுக்கு முந்தின மாலை எதற்கோ பிரிண்டரை நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்த வரி கிளியர். அதற்கும் அடுத்தது, விடுப்பு முடிந்து வந்து அதை ஓடவிட்ட வரி. நடுவில் ஒன்றுமில்லை. நிறுத்தியதும் மறந்துபோனதும் நீங்கள்தான்.

அதே வரியை அடித்தேன், ஓடியது. காத்திருந்த முதல் தாள் உங்கள் பணிச் சான்றிதழ். அதற்காகக் கருங்குழியிலிருந்து வந்து வெளியே உட்கார்ந்திருந்தார் உங்கள் மனைவி. வாங்கிக்கொண்டு, "அவராட்டம் இந்த வேல யாருக்கு சார் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாதும்மா," என்றேன். நீங்கள்தான் யாருக்கும் சொல்லித் தரவில்லையே.

அந்த மூன்று வரிகளையும் இன்னொரு தாளில் எடுத்தேன். நான்காக மடிந்து சட்டைப் பையில் இருக்கிறது. முதல்வரிடம் நீட்டினால் மெமோ ரத்தாகலாம். நாளை நீட்டத்தான் போகிறேன். ஆனால் முதலில் உங்கள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்கள்.