இப்பியாலெஸில் நின்றுவிட்டவளுக்கு

நேற்று வேலை முடிந்து வரும் வழியில், மெட்ரோ வாசலுக்கு எதிரே இருக்கும் லத்தீன் அமெரிக்கரின் கடையில் ஒரு வெல்லக்கட்டி வாங்கினேன். கரும்பில் செய்தது, பார்வைக்கு நம் பனங்கட்டியேதான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு தண்ணீரைக் கொதிக்கவைத்து, கட்டியை உடைத்துப் போட்டேன். ஆவி எழும்பியதும் மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இதென்ன மணம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த மணத்தைப் பற்றி நான் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். நீ போய் ஒரு மாதமாகிறது.

எக்குவடோரின் தலைநகரில், ஒரு மலிவான விடுதி அறையில்தான் நாம் முதலில் சந்தித்தோம். ஊரில் போர் முடிந்த அடுத்த ஆண்டு. நான் மொன்றியலில் இருந்த அண்ணையிடம் போக வெளிக்கிட்டவள். நீ டொரோண்டோவில், படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒருவரைக் கட்டப் போகிறவள். காசு வாங்கிக் களவாகக் கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நம் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பினான். தென் அமெரிக்கா என்றால் வெக்கை என்று நினைத்து மெல்லிய சட்டைதான் போட்டிருந்தோம். எல்லைப் பாலத்தைக் கடந்து கொலம்பியாவின் இப்பியாலெஸில் இறங்கியபோது பல் அடித்துக்கொண்டது.

அவ்வளவு உயரத்தில் ஒரு நகரம் இருக்குமென்று எவரும் நமக்குச் சொல்லவில்லை. சின்ன ஏற்றத்துக்கே மூச்சு வாங்கியது. தெருவுக்குள் மேகம் புகுந்து கிடந்தது. எதிரே வந்தவர்கள் கிட்ட வந்த பிறகுதான் ஆட்களாகத் தெரிந்தார்கள். கம்பளிப் போர்வையும் தொப்பியுமாகப் பெண்கள், உருளைக்கிழங்கு மூட்டைகள், பாலத்துக்கு ஆள் சேர்க்கக் கத்திக்கொண்டிருந்த டாக்சிக்காரர்கள். எல்லாரும் எங்கேயோ போகிற அவசரத்தில் இருந்தார்கள். ஒரு மூலையில், கரி நெருப்பின் மேல் நீளக் கம்பிகளில் எதையோ முழுசு முழுசாக வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எடியே, எலியடி!" என்று என் கையைப் பிடித்தாய்.

எலியில்லை, அங்கே வீட்டில் வளர்க்கிற கினிப்பன்றி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, இரண்டு பேரும் நடைபாதையிலேயே குந்திவிட்டோம். போருக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்படிக் குந்தியிருந்ததைக் கண்டுதான் பேக்கரிக்கார அம்மா வெளியே வந்தார். "சிகா, சிகா" என்று கையால் உள்ளே காட்டினார். அடுப்போரம் இருத்தி, இரண்டு குவளைகளில் சுடச்சுட எதையோ தந்தார். நீ ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தாய். "இஞ்ச பார், பனங்கட்டித் தண்ணி!" உன் கண் கலங்கியிருந்தது. புகையென்று சொன்னாய்.

ஏஜென்சிக்காரன் அடுத்த அழைப்பு வரும்வரை அங்கேயே நிற்கச் சொன்னான். பேக்கரிக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. அந்த ஊரில் உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுவதற்கும், மேலே போங்கள் என்று வழி விடுவதற்கும் அந்த "சிகா"தான் என்று அங்கேயிருந்துதான் கண்டுபிடித்தாய். "வாறவைக்கும் போறவைக்கும் ஒரே சொல்லடி. நல்ல ஊர்" என்றாய். ஒருநாள் காலை மேகம் விலகி, தூரத்து மலையுச்சி வெள்ளையாகத் தெரிந்தது. நாம் இருவரும் வாழ்க்கையில் முதன்முதல் கண்ட பனி. "உன்ர கனடா அங்க நிக்குது, போய்த் தொட்டுட்டு வா" என்று பகிடி பண்ணினாய். எங்கட கனடா என்று நீ சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நீ யாரும் கேட்காமலே விடியற்காலையில் கீழே இறங்கி மாக் குழைக்கத் தொடங்கியிருந்தாய். கிழமைக்கொருமுறை தொலைபேசிக் கடைக்குப் போய் டொரோண்டோவுக்குக் கதைப்பாய். ஒவ்வொரு முறையும் முகம் செத்துத்தான் வெளியே வருவாய்.

"என்னவாம்?"

"ஆமிக்காரன்ர முகாமில என்ன நடந்ததெண்டு திரும்பவும் கேக்கிறார்."

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் நடக்கேல்லை எண்டன். அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு எண்டார்."

ஏஜென்சிக்காரன் அனுப்பிய வாகனம் வந்த அன்று நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். நீ முழங்கைவரை மாவோடு நின்றாய்.

"நான் வரேல்லையடி."

"விசரே உனக்கு? இந்தக் குளிருக்குள்ள, ஒரு சொந்தமும் இல்லாமல், தனிய என்னெண்டு இருப்பாய்?"

"இஞ்ச ஆரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. இன்னொரு பாண் வேணுமோ எண்டு மட்டும்தான் கேட்டவை." என் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாய். "எனக்கு அது போதுமடி. நீ போ."

சாரதி ஹோர்ன் அடித்தான். கட்டிப்பிடித்தபோது என் முதுகில் உன் கை மா ஒட்டியது. எல்லாரும் கடந்து போகிற ஊரில் நீ நின்றாய். நான் காடும் கடலும் தாண்டி, மாதங்கள் கழித்து இங்கே வந்து சேர்ந்தேன்.

பிறகு என்ன? துறைமுகப் பக்கத்துக் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிற வேலை, கலியாணம், மகள். வந்த வழியைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுக்கும் அழைப்பில் மட்டும் அந்தத் தெருக்கள் திறந்துகொள்ளும். உனக்கும் தமிழ் பேச என்னை விட்டால் ஆளில்லை. வரவர உனக்குச் சொற்கள் மறக்கத் தொடங்கின.

"கிணத்துக்கு மேல சுத்துமே, கயிறு போற சாமான். அதுக்கு என்னடி பேர்?"

"கப்பி."

"ஓம், கப்பி! ரண்டு நாளா மண்டை வெடிக்குது."

அடுத்த வருஷம் வாறன் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். கடவுச்சீட்டும் இருந்தது. "வா, மலை எங்கயும் ஓடாது" என்பாய். இந்த மாரியில் உன் இருமல் கூடியிருந்தது. சளி என்றாய். அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை.

பேக்கரி அம்மாவின் குரல்செய்தி வந்தது வேலையில் நிற்கும்போது. ஸ்பானிய மொழி, உன் பெயர் மட்டும்தான் எனக்கு விளங்கியது. என்னோடு வேலை செய்யும் கொலம்பியாக்காரியிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். காதில் வைத்தபடியே அவள் என் கையைப் பிடித்தாள். நெஞ்சில் நீர் கட்டி, ஆஸ்பத்திரியில், வெள்ளிக்கிழமை. பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "உன் சகோதரியா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

இன்னொரு பதிவும் இருந்தது. கடைசி நேரத்தில் நீ உன் மொழியில் மட்டுமே பேசினாயாம். பக்கத்தில் இருந்த எவருக்கும் விளங்கவில்லையாம். என்ன கேட்டாள், நாங்கள் செய்யாமல் விட்டது ஏதும் உண்டா, தயவுசெய்து சொல் என்று கேட்டு, அந்த அம்மா நீ பேசியதைப் பதிந்து அனுப்பியிருந்தார். பாரந்தூக்கிகளின் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். உன் குரல்தான், மூச்சு இழுபட இழுபட.

"மழை வருது... கொடியில உடுப்புக் கிடக்கு... ஆராவது எடுங்கோவன்..."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அவள் அதை ஸ்பானிய மொழியில் தொலைபேசிக்குள் சொன்னாள். இடைவேளை முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவளும் அழுதாள்.

உன் குரல் இப்போது என் தொலைபேசியில் இருக்கிறது. பஸ்ஸில், சாளரப் பக்கத்து இருக்கை கிடைத்தால், கேட்பேன். சுற்றியிருக்கும் எவருக்கும் அது விளங்காது. அந்தப் பதிலில் அம்மா உனக்குச் சொல்லச் சொன்னதை என்னை விட்டால் உனக்குத் தமிழில் சொல்ல வேறு ஆளும் இல்லை.

எல்லாம் உள்ளுக்கு எடுத்தாச்சாமடி. ஒண்டும் நனையேல்லையாம்.