ரினியோவின் இரண்டு கண்கள்

வோலோஸ்,
ஞாயிறு

அன்பு மகள் ஃபோத்தினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், அந்தக் குளிர் ஊரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறோம். முதலில் நல்ல செய்தி. வியாழக்கிழமை ஏதென்ஸில் பேத்தி ரினியோவுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மிச்சமிருக்கும் வலக் கண் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் அண்ணன் லெஃப்டெரிஸ் போனில் சொல்லும்போதே அழுதான், நானும் அழுதேன். உன் அம்மாதான், "ஃப்டூ ஃப்டூ, சத்தமா சொல்லாதீங்க, கண்ணு பட்டுடப் போவுது" என்று எங்கள் இருவரையும் அடக்கினாள். ஞானஸ்நானப் படத்தில் பிள்ளையின் இடக் கண் வெள்ளையாக மின்னியபோதும் இவள் திருஷ்டி என்றுதான் தண்ணீரில் எண்ணெய் விட்டுக் கழித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்து அங்கிருந்தே கத்தி எங்களை ஆஸ்பத்திரிக்கு விரட்டியவள் நீ. பிள்ளை உயிரோடு இருப்பது உன்னால்தான் அம்மா.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ விளக்கியதை எனக்குப் புரிந்தமட்டில் அம்மாவிடம் சொன்னேன். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ என்று பொடிப்பொடியாக இருக்கின்றன, எந்த மரபணு எவ்வளவு பேசலாம் என்று அடக்கிவைப்பது அவற்றின் வேலை, கண்ணுக்குள் வரும் இந்தப் புற்றுக் கட்டியில் சில அளவுக்கு மீறிப் பெருகிவிடும், சில குறைந்துபோகும், அப்போது வளர்ச்சியை நிறுத்து என்கிற குரலே அடங்கிப்போகலாம் என்றேன். "அப்ப இந்த வீட்டுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ நான்தான், நான் இல்லேன்னா உங்க வாய் எங்க நிக்கும்?" என்கிறாள். இது இன்னும் மருந்தாகவில்லை, கண்ணின் நீரில் இவற்றைப் பார்த்தே ஒருநாள் நோயை அறியலாம் என்ற நம்பிக்கைதான் என்று ஒளிக்காமல் சொன்னாயே, அதற்கும் நன்றி.

ஒன்று உனக்குத் தெரியாது. ஆபரேஷனில் எடுத்த இடக் கண்ணை உங்கள் ஆராய்ச்சிக்குக் கேட்டபோது லெஃப்டெரிஸ், "எம் புள்ள ஒடம்பு அது, மண்ணுல பொதைக்கணும்" என்று குதித்தான். உன் அண்ணி அசிமினாதான், "மண்ணு அத வச்சு என்ன பண்ணும், இன்னொரு கொழந்தைக்காவது ஆவட்டும்" என்று பிடிவாதமாகச் சம்மதிக்க வைத்தாள். அதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நேற்று நன்றி சொல்ல, கண்ணைக் காக்கும் புனித பராஸ்கேவி கோயிலுக்குப் போனோம். கடையில் கண்மலர்த் தகடு ஜோடியாகத்தான் கிடைக்கிறது. இருப்பது ஒரு கண், புனிதையிடம் எதற்குப் பொய் என்று நான் கத்தரியால் வெட்டி ஒன்றை மட்டும் மாட்டப் போனேன். அசிமினா முகம் சிவந்துவிட்டது. "இன்னொண்ணு எங்க மாமா?" என்றாள். பையில் இருக்கிறது என்றேன். "அது ஒண்ணும் செத்துப் போகல. ஃபோத்தினிகிட்ட வேலைக்குப் போயிருக்கு. ரெண்டையும் மாட்டுங்க" என்றாள். லெஃப்டெரிஸ் என் பையில் கைவிட்டு அந்தத் தகட்டை எடுத்துத் தானே மாட்டினான். திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

உன் கை தொட்டது துலங்கட்டும், மாதா உனக்குத் துணை நிற்கட்டும். ஈஸ்டருக்குக் கட்டாயம் வா, கம்பளிக் கையுறை போடாமல் வெளியே போகாதே. அந்த இடக் கண்ணை ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் மெல்ல எடு அம்மா, நம் வீட்டுப் பிள்ளை.

உன் அப்பா,
ஸ்டமாட்டிஸ்