நான் சொல்லாத மருந்து

இன்று காலை அவசர மருந்து வண்டியைச் சரிபார்த்தபோது, அடித்தட்டில் காலாவதியான டோபமைன் பெட்டி ஒன்று கிடந்தது. நர்ஸிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. நீ போய் ஏழு மாதமாகிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் மட்டும் போகவில்லை.

தாராவியில் அடுத்தடுத்த சந்துகளில் வளர்ந்தவர்கள் நாம். ஒன்றாக டாக்டருக்குப் படித்து, செம்பூரில் ஒரே ஆஸ்பத்திரியின் ஐசியூவில் வேலைக்குச் சேர்ந்தோம். என் டிபனில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை உனக்கு மட்டும்தான் இருந்தது.

வடாலாவில் வெல்டிங் வேலை பார்த்த முத்துராஜை மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மதியம் கொண்டுவந்தார்கள். கால் புண்ணில் இருந்த தொற்று இரத்தத்தில் ஏறியிருந்தது. சலைன் ஏற்றியும் பிரஷர் எழவில்லை; அதை ஏற்றும் மருந்து உடனே வேண்டும். அன்றைக்குப் பொறுப்பு என்னுடையது. நான் கீழே வார்டில் இருந்தேன். நீ போன் செய்தாய்.

“ஏட்டி, எத மொதல்ல போட?”

“நார்அட்ரினலின்.”

“கழுத்துல இன்னும் லைன் போடலட்டி. கை நரம்புல போட்டு வெளிய கசிஞ்சா தோல் கருகிரும்லா?”

“பெரிய நரம்பாப் பாத்துப் போடு. பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ. டோபமைன் வேண்டாம், துடிப்பு தாறுமாறா ஓடிரும்.”

“சரி” என்றாய்.

நான் மேலே வந்தபோது டோபமைன்தான் ஓடிக்கொண்டிருந்தது. துடிப்பு நூற்றறுபதைத் தாண்டி, ஒழுங்கில்லாமல் துள்ளியது. உடனே மாற்றினோம். சாயங்காலம் அவர் இறந்துவிட்டார். சரியான மருந்தை முதலிலேயே போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பதற்றத்தில் கை பழகிய மருந்தைத்தான் தேடும். அது எனக்கும் நேர்ந்திருக்கலாம். அந்தத் தவறை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அடுத்த வாரம் நடந்தது. விசாரணையில் கேஸ் பேப்பரை என் முன்னால் வைத்தார்கள். ‘டோபமைன், போனில் வந்த உத்தரவு’ என்று உன் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் என் பெயர். “மேடம் சொன்னாங்க, நான் போட்டேன்” என்று ஹிந்தியில் சொன்னாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ‘மேடம்’ அது. நான் மறுக்கவில்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

வெளியே வராந்தாவில் முத்துராஜின் மனைவி பேச்சி நின்றிருந்தார். “அந்த டாக்டரம்மா ஒங்க பேரத்தான் சொல்லுதாவ. என்ன மருந்து குடுத்திய எங்க வீட்டு ஆளுக்கு?” என்று கேட்டார். நான் அவரைத் தாண்டிப் படியிறங்கினேன்.

என்னை இரண்டு வருஷம் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். லிஃப்டில் என்னைக் கண்டால் நீ படியில் போவாய்.

நான் ஐசியூவுக்குத் திரும்பிய சில மாதங்களில் உன்னை அங்கே கொண்டுவந்தார்கள். சிறுநீரகக் கல்லில் தொடங்கிய தொற்று. முத்துராஜுக்கு இருந்ததைப் போலவே பிரஷர் விழுந்திருந்தது. கழுத்து லைனுக்குக் காத்திராமல் உன் கை நரம்பிலேயே நார்அட்ரினலினைத் தொடங்கி, அந்தக் கையைப் பிடித்தபடி நின்றேன். பிரஷர் ஏறியது. மறுநாள் நீ கண் திறந்தாய்.

“என்னட்டி ஓடுது?”

சொன்னேன். ஊசி ஏறியிருந்த கையைப் பார்த்தாய்.

“அன்னைக்கும் நீ இதத்தான் சொன்ன. எந்திரிச்சதும் எல்லார்ட்டயும் சொல்லிருதேன்.”

“மொதல்ல எந்திரி” என்றேன்.

இரண்டே நாளில் உன் நுரையீரல் கைவிட்டது. நீ யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எனக்கு மட்டும் தந்துவிட்டுப் போய்விட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் செம்பூர் ஸ்டேஷனில் பேச்சியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார். ஓடிப்போய் நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிளாட்பாரத்தில் அவர் பின்னால் நாலடி நடந்தேன்; அதோடு நின்றுவிட்டேன்.

உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பெயரைச் சொல்ல உனக்கு எப்படி வந்தது?