அஞ்சுதெங்குக் கோட்டையில் வைத்த பூ

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
1951, மாசி மாதம்.

பம்பாயில் இருக்கும் அன்புள்ள அண்ணனுக்கு உலகம்மை வணங்கி எழுதுவது. அம்மைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. அங்கே சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

எல்லாரும் உறங்கிய பிறகு அடுக்களையில் விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள். நாளை அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்ப்பாள்.

சென்ற ஞாயிறு அப்பா எங்களை அஞ்சுதெங்குக் கோட்டை பார்க்க அழைத்துப் போனார். வள்ளக்கடவில் வள்ளம் ஏறினோம். நம்மவர்களில் நாலைந்து குடும்பங்கள். கோட்டையைப் பற்றிச் சொல்ல நாகர்கோவிலிலிருந்து ஆறுமுகநயினார் என்ற சரித்திர வாத்தியார் வந்திருந்தார். நரைத்த மீசை. அவருடைய தாயார் சரஸ்வதியம்மாளும் ஒரு சின்னப் பெண்ணும் கூட இருந்தார்கள். கடினங்குளம் காயலில் வள்ளம் ஆடியதும் குழந்தை பயந்து என் மடியில் ஏறிக்கொண்டது. கதை சொல்லி உறங்கவைத்தேன். "பிள்ளை எப்படி ஒட்டிக்கிட்டா, பாத்தியளா!" என்று சரஸ்வதியம்மாள் அம்மையிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணா.

முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரர்களை ஊரார் முற்றுகையிட்டபோது, கோட்டையிலிருந்த பெண்களை மட்டும் கடல்வழியே அனுப்பிவிட்டார்களாம். வாத்தியார் சொன்னார். நான் மதிலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதியம்மாள் கூப்பிட்டு, கிழக்கே பார்த்து உட்காரச் சொல்லி, தலையில் பிச்சிப்பூ வைத்தார். எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கு என்று நினைத்துக் காலில் விழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மை சொன்னாள். குழந்தை வாத்தியாருடைய மகளாம். அதன் தாய் போன வருஷம் இறந்துவிட்டாளாம். "பூ வச்சாச்சு, நாலுபேர் பாக்க நீயும் கும்பிட்டாச்சு. இனி பேச்சில்ல, கேட்டியா மக்களே" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்திரை பிறந்ததும் முகூர்த்தம். ஆறாம் பாரம் படிக்க வேண்டும் என்று அழுதேன். வாத்தியார் வீட்டில் புஸ்தகத்துக்கா பஞ்சம் என்று அப்பா சிரித்தார்.

உங்கள் சம்மதமும் வந்துவிட்டதாம். நான் நம்பவில்லை. என்னைக் காலேஜ் வரை படிக்கவைப்பதாகச் சொன்னது நீங்கள்தானே? அப்பா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார்.

குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. கரையில் இறங்கியபோது என் தாவணியை விடாமல் அழுதது. அதை நினைத்தால்தான் அதிகப் பயமாக இருக்கிறது.

நீங்கள் சம்மதித்தது நிஜமானால் பதில் போட வேண்டாம். இல்லையென்றாலும் கடிதம் வேண்டாம், நீங்களே வந்துவிடுங்கள். நீங்கள் ஏறும் ரயிலைப் பத்மநாபசுவாமி ஒரு தடங்கலும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
உலகம்மை