காவ் ஐயா கடலுக்குப் போனதில்லை

டோங்காங்
மே 28

அன்புள்ள யூ-ட்சேவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் பேசினால் "கிளாஸுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மீன் உருண்டை வியாபாரமும் பரவாயில்லை, ஆனால் கடையைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் சுவேய்-லியென் அக்கா.

உனக்கு அவரைத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நான்கு பேர் இந்த வருடம் அறுத்துப் படித்த உடல் அவர் கணவர் காவ் ஐயாவுடையது. தானம் கொடுத்தவரை 'ஆசிரியர்' என்று அழைக்க வேண்டும், தொடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு எழுதி மேசைக்கு மேலே மாட்ட வேண்டும் என்பது உங்கள் மருத்துவக் கல்லூரி வழக்கம். உன் ஊர்க்காரர் என்றுதான் உன் குழுவிடம் கொடுத்தார்கள். நீயோ மறுநாள் பரீட்சை என்று விடுதியிலேயே இருந்துவிட்டாய், அவர் வீட்டுக்கு நீயும் வந்ததாக உன் கையெழுத்தை நண்பன் போட்டான். உன் பங்குக்கு எழுதினாயே, விடியற்காலையில் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தபடி தூண்டில் போடுவார், சின்ன மீன் சிக்கினால் திரும்பக் கடலில் விடுவார் என்று, அது உன் அப்பா, காவ் ஐயா இல்லை. மீன்பிடி ஊர், டோங்காங்காரர் தூண்டில் இல்லாமலா இருப்பார் என்று நினைத்துவிட்டாய். காவ் ஐயா முடிவெட்டும் கடை வைத்திருந்தவர், தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு நாற்பது வருடம் துறைமுகப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்.

அந்தத் தாளின் நகல் ஒன்று இந்த மாதம்தான் அக்காவுக்கு வந்தது. நேராக என் கடைக்கு வந்தார். "நாலு பேருன்னு நாலு தட்டுல கொய்யா வெட்டி வெச்சேன் தங்கச்சி, மூணு பேருதான் வந்தாங்க, உன் பையனுக்கு இதை யாரு சொன்னது?" என்று கேட்டார். நாலு வாடிக்கையாளர் நிற்கிறார்கள், நான் "துறைமுகத்துல பழைய ஆளுங்ககிட்ட விசாரிச்சிருப்பான்க்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அப்போ என்கிட்ட மறைச்சாரு. கடல்னாலே கை நடுங்குனது எல்லாம் நடிப்பு" என்றார். அன்றிலிருந்து தினமும் துறைமுகத்துக்குப் போய் ஒவ்வொரு கிழவரையும் பிடித்துக் கேட்கிறார், யாரும் பார்த்ததில்லை என்றால் "ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்குடுக்க மாட்டாங்க" என்று என்னிடம் வந்து புலம்புகிறார்.

போனில் உன்னிடம் சொன்னதற்கு "சொன்னா காலேஜுல ஒரு வருஷம் போயிடும்மா, கையெழுத்துப் போட்டவனும் மாட்டுவான், எல்லாரும் பண்றதுதான், செத்தவருக்கு என்ன தெரியப்போகுது" என்றாய். செத்தவருக்குத் தெரியாதுதான், உயிரோடு இருப்பவர் தினமும் என் முன்னால் நிற்கிறாரே. நானும் அந்த ஒரு வருடத்தை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் உன் படிப்பு, சொல்லாவிட்டால் அக்கா கணவர்மேல் வைத்த நாற்பது வருட நம்பிக்கை, எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குச் சுவர்தான்.

ஜூன் 14 அன்று உடலைத் தைத்துப் பெட்டியில் வைக்கிறீர்கள் அல்லவா. நேற்று வந்து, "கோபம் ஆறிப்போச்சு, பிடிச்சதைக் கூட அனுப்பணும்ல" என்று பெட்டியில் வைக்க ஒரு தூண்டில் வேண்டும் என்றார் அக்கா. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, "என் பையன் எழுதினதைப் படிச்சேன், அவரும் நம்மாளுதான்" என்று பூரித்துப்போய்த் தன்னுடைய நல்ல தூண்டிலையே துடைத்துக் கொடுத்துவிட்டார். கடலுக்குப் பயந்த அந்த மனிதரின் கைப்பக்கத்தில் அதை வைக்கப்போவது நீங்கள் நான்கு பேர்தான்.

அதற்கு முன்னால் வந்துவிடு. முதலில் கல்லூரியில் உன் பேராசிரியரிடம் சொல், பிறகு ரயில் ஏறு. அக்காவின் வீட்டுக்கு நானும் கூட வருகிறேன், என் பொய்யையும் நான் சொல்லியாக வேண்டும். நீ நல்ல டாக்டராக வேண்டும் என்று எப்போதும் எழுதுவேன், இந்த முறை உனக்கு அந்தக் கதவைத் தட்டும் தைரியம் மட்டும் வரட்டும். வருகிற சனிக்கிழமை வரை பார்ப்பேன். நீ வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், உன் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் அம்மா
பி-யூ